பி.யூ. சீலன்ட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (கட்டடம் சூட்டில் விரியவும் சுருங்கவும் விடும் இடைவெளி), ஜன்னல் ஓரம், கைப்பிடிச் சுவர் இடுக்கு என்று வீட்டில் பல இடங்களில் அடிக்கும் ஒற்றைக்கூறு (எதையும் கலக்காமல் அப்படியே அடிக்கும்) பி.யூ. சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பாலியூரித்தேன் பசை பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பாதிப் பேருக்கு மேல் ‘அடித்தோம், உரிந்துவிட்டது’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி (வேளச்சேரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்): இரண்டு பிளாக்குக்கு நடுவே மொட்டை மாடி ஜாயின்ட்டில் போன வருஷம் பி.யூ. அடித்தார்கள். இந்த ஐப்பசி மழைக்கே ஒழுகுகிறது. வாங்கியது நல்ல சரக்குதான். சீலன்ட் மோசமா, ஆள் மோசமா சார்?

பதில்: பிளேடால் விரல் நீளத்துக்கு அறுத்து, நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கச் சுவரை விட்டு முழுசாக உரிந்து, பின்புறம் வெள்ளையாகச் சிமென்ட் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால், அது தூசியின்மேல் அடித்த வேலை. கான்கிரீட் மேல்தோலில் இருக்கும் பலவீனமான சிமென்ட் பாலைக் கிரைண்டர் வைத்து எடுத்து, வயர் பிரஷ் போட்டு, புளோயரால் ஊதிய பிறகுதான் பிரைமரே (பிடிப்புக்கான அடிப்பூச்சு) பூச வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் தூசி சேறாகி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்திருந்து, நடுவில் கிழிந்திருக்கிறதா? அப்படியானால் அடியிலும் ஒட்டியிருக்கும். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும்தான் ஒட்ட வேண்டும். அடித்தளத்தையும் பிடித்துக்கொண்டால் ஜாயின்ட் விரியும்போது நீளத் தோதில்லாமல் கிழியும். இதற்காகத்தான் பேக்கர் ராடு: மூடிய துளையுள்ள பாலித்தீன் நுரைக் கயிறு. பி.யூ. அதில் ஒட்டாது. இடுக்கைவிடக் கால் பங்கு கூடுதல் பருமனாக வாங்கி, மழுங்கிய கட்டையால் அழுத்தி உள்ளே இறக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தி இறக்கினால் நுரை ஓட்டையாகி, உள்ளிருக்கும் காற்று பிறகு சீலன்ட்டுக்குள் குமிழாக ஏறும். ராடு வைக்க ஆழம் இல்லாத இடத்தில் அடியில் பாலித்தீன் டேப் ஒட்டினாலும் போதும்.

தெர்மாகோலையோ தார் ஊறிய பலகையையோ அப்படியே விட்டு அதன்மேல் அடித்திருந்தால் ஆளைத்தான் கேட்க வேண்டும். தார் சீலன்ட்டுக்குள் ஊறிக் கறையாக்கும், பிடிப்பையும் கெடுக்கும்.

கேள்வி (அதே செயலாளர்): மறுபடி செய்ய எவ்வளவு சரக்கு வாங்கணும்? 18 மீட்டர் நீளம், 20 மி.மீ. அகலம்.

பதில்: இந்த அகலத்துக்கு ஆழம் பாதி இருந்தால் போதும், 10 மி.மீ. மீட்டருக்கு 200 மி.லி. பிடிக்கும், ஆக மொத்தம் 3,600. 600 மி.லி. சாசேஜ் (சீலன்ட் அடைத்து வரும் நீள உறை) 6 வரும். சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து 7. ‘ஆழமா அடிச்சா ஸ்ட்ராங்’ என்று 12 சாசேஜுக்கு மேஸ்திரி கணக்கு கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆழம் கூடினால் இழுபடும் தன்மைதான் குறையும், காசும் போகும்.

கேள்வி (கோயம்புத்தூர், சிவில் மாணவி): 25 விழுக்காடு அசைவு தாங்கும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருக்கிறது. நடைமுறையில் அதை எப்படிப் புரிந்துகொள்வது அண்ணா?

பதில்: கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மி.மீ. நீளும். 10 மீட்டர் ஸ்லாப் ஒன்றில் மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 3 மி.மீ. வரும். ஜாயின்ட் 12 மி.மீ. அகலம் என்றால் அது சரியாக 25 விழுக்காடு, மிச்சம் வைக்க இடமே இல்லை. 20 மி.மீ. என்றால் 15 விழுக்காட்டில் முடிந்துவிடும். வெயில் நேரடியாக விழும் மொட்டை மாடியில் வித்தியாசம் 30-ஐத் தாண்டும். ஆகவே குறுகலான ஜாயின்ட்தான் ‘அழகு’ என்று ஆர்க்கிடெக்ட் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டு. உச்சி வெயிலில் இடுக்கு குறுகியிருக்கும்போது அடித்தால் பிறகு முழுக்க முழுக்க இழுபட்டே கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள். நடுத்தரச் சூட்டில் அடிப்பதுதான் நல்லது.

கேள்வி (மதுரை, சைட் சூப்பர்வைசர்): சித்திரை வெயில் இப்படி அடிக்குது, நாலு நாளாகியும் உள்ளே கொழகொழன்னு இருக்கு. டூப்ளிகேட்டா?

பதில்: வெயிலில் காயும் பெயின்ட் கிடையாது இது. சீலன்ட்டில் ஐசோசயனேட் என்ற கூறு இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் ரப்பராகிறது. வறண்ட காற்றென்றால் வேகம் குறையும். மேல்தோல் ஓரிரண்டு மணியில் கட்டும், அதற்கப்புறம் ஈரம் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போயாக வேண்டும். 23 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதம் என்றால் முதல் நாளில் 2 முதல் 3 மி.மீ. வரை இறுகும்; உள்ளே போகப் போக வேகம் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு ஆழம் அடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 25 மி.மீ. என்றால் நாலு நாள் எங்கே காணும், வாரக்கணக்கில் ஆகும். தொடாமல் விடுங்கள்.

பழைய சரக்கா என்று மட்டும் பாருங்கள். சாசேஜ் உறையில் தேதி இருக்கும்; ஆயுள் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம், அதுவும் 25 டிகிரிக்குள் வைத்தால். தகரக் கூரைக் குடோனில் கிடந்த சரக்குக்கு அந்தத் தேதியை நம்ப முடியாது. சீலன்ட்டைப் பிதுக்கும் கன்னை அழுத்தவே கை வலித்தால் அது உள்ளேயே இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி (நாகர்கோவில், வீடு கட்டுபவர்): ஈரத்தில்தான் இறுகும் என்றால் ஈரச் சுவரில் அடித்தால் இன்னும் நல்லதில்லையா?

பதில்: நியாயமான கேள்வி, ஆனால் கூடாது. இந்த வினையில் கரியமில வாயு வெளியாகிறது. காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் வாயுவும் மெல்ல வெளியேறிவிடும். சுவரில் தண்ணீரே நின்றால் ஒட்டும் முகத்திலேயே வாயு நுரைத்துக் கிளம்பும். அறுத்துப் பார்த்தால் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். பிடிப்பு போச்சு. மழை விட்டதும் ஓடாதீர்கள், சுவர் உள்ளேயும் காயட்டும். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் பொறுங்கள்.

கேள்வி (திருச்சி, பெயின்டிங் கான்ட்ராக்டர்): ஜன்னல் ஓரத்துக்கு சிலிகானா, பி.யூ.வா?

பதில்: வெளிச்சுவரில் மேலே பெயின்ட் வரும் இடத்துக்கு பி.யூ. சாதாரண சிலிகான்மேல் பெயின்ட் நிற்காது. பாத்ரூம் ஓரத்துக்குப் பூஞ்சை தாங்கும் சிலிகான். கண்ணாடியை ஒட்ட பி.யூ. வேண்டவே வேண்டாம், கண்ணாடி வழியாக வரும் புற ஊதா ஒளி பிடிப்பை அழித்துவிடும். பழைய சிலிகான் இருந்த இடத்தில் பி.யூ. அடிப்பதாக இருந்தால் சுரண்டியது போதாது, கிரைண்டர் வைத்து முகத்தையே எடுக்க வேண்டும்.

கேள்வி (அவரே): பையன்கள் தின்னர் தொட்டு விரலால் இழுத்து ஃபினிஷ் பண்றாங்க. பரவாயில்லையா?

பதில்: நிறுத்துங்கள். ஸ்பிரிட்டிலும் பல தின்னர்களிலும் ஆல்கஹால் இருக்கிறது. தண்ணீரோடு சேர வேண்டிய ஐசோசயனேட்டை அது பிடித்துக்கொள்ளும், மேல்தோல் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, உலர்ந்த கரண்டியால் அழுத்தி இழுத்து, தோல் கட்டும் முன்பே டேப்பை எடுக்கச் சொல்லுங்கள். விரலும் வேண்டாம். ஐசோசயனேட் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும், ஆஸ்துமாவே வரலாம். தனித்த டைஐசோசயனேட் 0.1 விழுக்காட்டுக்கு மேலுள்ள சரக்கைத் தொழிலில் கையாள ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சி கட்டாயம். நம் சைட்டில் கையுறையாவது கொடுங்கள்.

கேள்வி (சேலம்): டப்பாவில் வரும் பி.யூ. ஃபோம் விலை குறைச்சல். ஜாயின்ட்டில் அதையே அடிக்கலாமா?

பதில்: கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இடம் நிரப்ப அது சரி. அதுவும் ஈரத்தில்தான் இறுகுகிறது, ஆனால் இறுகியபின் நீளாது. வெயில் பட்டால் பழுத்துப் பொடியாகும்.

கேள்வி (புதுச்சேரி): மீதியான அரை சாசேஜை ஃபிரிட்ஜில் வைக்கலாமா சார்?

பதில்: சாப்பாடு இருக்கும் ஃபிரிட்ஜில் இதை வைக்காதீர்கள். வைத்தாலும் பிரயோஜனமில்லை, உறையைத் திறந்ததுமே ஈரம் ஏறிவிடும். வாயை இறுக்கிக் கட்டினால் மறுநாள்வரை ஓட்டலாம், நுனியில் இறுகிய கட்டியைக் கிள்ளி எறிந்துவிட்டு. அதற்குமேல் என்றால் அன்றைக்கே இன்னொரு இடுக்கைத் தேடி அடித்துவிடுங்கள்.