ஆரஞ்சு ஜூஸா, முழுக்கோதுமை பாஸ்தாவா?

கேள்வி: எனக்கு வயது 52. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.2 விழுக்காடு வந்திருக்கிறது, நீரிழிவுக்கு முந்திய நிலை என்று பலதுறை மருந்தகத்தில் சொன்னார்கள். மாவுப்பொருள் என்று பயந்து, மகள் வாங்கிவரும் முழுக்கோதுமை பாஸ்தாவைத் தொடுவதில்லை. காலையில் காப்பிக்கடையில் சீனி போடாத ஆரஞ்சு ஜூஸ் ஒரு பெரிய தம்ளர் மட்டும் குடிக்கிறேன். சரிதானா? இன்சுலின் போடும் என் கணவரும் ஜூஸைத் தவிர்க்கவேண்டுமா? – வாசகி, ஈசூன்

பதில்: பாஸ்தாவைச் சாப்பிடுங்கள் அம்மா, ஜூஸை நிறுத்துங்கள்.

250 மில்லி ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் பிழிய வேண்டும். அவற்றின் சர்க்கரை ஏறக்குறைய 21 கிராம் தம்ளருக்குள் வந்துவிடுகிறது. நார்ச்சத்தோ சக்கையோடு குப்பைக்குப் போகிறது, அரை கிராம்கூட மிஞ்சினால் அதிகம். மென்று தின்ன வேலையில்லாததால் சர்க்கரை விறுவிறுவென்று இரத்தத்தில் ஏறும், பசியும் அடங்காது. சீனி போடவில்லை என்பது இங்கே கைகொடுக்காது. உலகச் சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையையும் தனிச் சர்க்கரை, அதாவது குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. சிங்கப்பூரில் பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட்டிலும் 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் 10 வரை சர்க்கரை இருந்தால் ‘சி’தான், ஆரஞ்சு ஜூஸில் 8 கிராம் இருக்கும்.

வேகவைத்த முழுக்கோதுமை பாஸ்தா ஒரு கப், அதாவது 140 கிராம், எடுத்தால் மாவுச்சத்து சுமார் 37 கிராம். கலோரியும் ஜூஸைவிடக் கூடுதல்தான், 170லிருந்து 200 வரை. ஆனால் 5, 6 கிராம் நார்ச்சத்தும் 7 கிராமுக்கு மேல் புரதமும் மெக்னீசியமும் சேர்ந்து வருகின்றன. பாஸ்தாவில் மாவு புரதப் பின்னலுக்குள் இறுக்கமாக அடைபட்டிருப்பதால் மெதுவாகவே செரிக்கும். குழைய வேகவிட்டால் அந்தப் பின்னல் தளர்ந்துவிடும். பல்லுக்குச் சற்றுத் தட்டுப்படும்போதே வடித்துவிடுங்கள்.

அளவில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். ஒருவருக்கு உலர்ந்த பாஸ்தா 60 கிராம் போதும், தராசில் நிறுத்துப் போடுங்கள். தட்டில் கால் பங்கு பாஸ்தா, கால் பங்கு மீன், கோழி அல்லது கொண்டைக்கடலை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். கிரீம் சாஸ் வேண்டாம். தக்காளி, பூண்டு, கீரை போட்டு வதக்கினாலே ருசிக்கும். வாங்கும்போது பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள். பொருள் பட்டியலில் முழுக்கோதுமை முதலில் இருக்க வேண்டும், 100 கிராமுக்கு நார்ச்சத்து 6 கிராமுக்குக் குறையக்கூடாது.

ஜூஸில் உள்ள வைட்டமின் சி பாஸ்தாவில் இல்லை, உண்மைதான். அதற்கு ஒரு முழு ஆரஞ்சையோ சில துண்டு கொய்யாவையோ சாப்பாட்டோடு மென்று சாப்பிடுங்கள். தானியத்தின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவும் அது உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்த இரும்பு வீணாகும், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

கணவருக்கும் அன்றாடப் பானமாக ஜூஸ் வேண்டாம். ஆனால் வீட்டில் ஒரு சிறு பொட்டலம் அவசியம் இருக்கட்டும். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் உடனே 150 மில்லி ஜூஸ் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். இன்னும் ஏறவில்லையென்றால் இன்னொரு 150 மில்லி. அந்த நேரத்தில் பாஸ்தா உதவாது. மயங்கிவிட்டாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் கவனம், ஆரஞ்சில் பொட்டாசியம் அதிகம். எந்தச் சாறு வைத்திருப்பது என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.