பழைய ரேஸிங் கேபினெட்: 100 சதவீதம் ஏறிய பிறகும் கேம் ஓடாவிட்டால் எங்கே தேடுவது?

வாசகர் கேள்வி: இனிஷியல் டி ஆர்கேட் ஸ்டேஜ் என்ற கார் பந்தய கேம் ஓடிக்கொண்டிருந்த இரட்டை கேபினெட்டில் ஒன்றை மட்டும் வாங்கியிருக்கிறேன். உள்ளே செகா நவோமி 2 என்ற ஆர்கேட் மெயின் போர்டு. ஜிடி-ராம் (சிடி போன்ற செகாவின் கேம் தட்டு) டிரைவ் தட்டைப் படிப்பதில்லை. அதனால் நெட்வொர்க் கேபிள் வழியாகக் கேமை ஏற்றிப் பார்க்கிறேன். லேப்டாப்பிலிருந்து முயன்றால் பாதி நேரம் இணைப்பே கிடைப்பதில்லை. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியிலிருந்து அனுப்பினால் 100 சதவீதம் வரை போகிறது, உடனே திரை இருண்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டு தடவை கேம் திறந்தது. ஒரு தடவை ஆடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் ஆனது. இன்னொரு தடவை நெட்வொர்க்கைச் சரிபார்ப்பதாகச் சொல்லிவிட்டு அப்படியே நின்றது. நெட்வொர்க் போர்டு போய்விட்டதா? வேறு வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். 100 சதவீதம் வரை எண் ஏறுகிறது என்றால் அந்த போர்டின் நெட்வொர்க் பகுதி உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருந்தாலும், படிக்கும்போது எனக்கு நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் தெரிகின்றன. இணைப்பு கிடைக்காதது, ஏறி முடிந்ததும் மறுபடி தொடங்குவது, நடுவில் ரீசெட் ஆவது, சரிபார்ப்பில் நிற்பது. ஒவ்வொன்றும் நடப்பது வேறு வேறு கட்டத்தில். கேபினெட் எந்தக் கட்டத்தில் நின்றது என்று குறித்துக்கொள்ளாமல் இன்றைக்குக் கேபிள், நாளைக்கு ஃபைல் என்று மாற்றிக்கொண்டே போனால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நவோமி 1998-இல் வந்தது, நவோமி 2 வந்தது 2000-இல். ஜிடி-ராம் வைத்த கேபினெட்டில் ஆடும்போது கேம் நேரடியாகத் தட்டிலிருந்து ஓடுவதில்லை. பவர் போட்டதும் தட்டில் உள்ளது முழுவதும் டிம் போர்டு என்கிற தனிப் பெட்டியில் இருக்கும் மெமரியில் கொட்டப்படும். பிறகு மெயின் போர்டு அங்கிருந்துதான் படிக்கும். நெட்வொர்க் வழியாக ஏற்றுவது என்பதும் இதே மெமரியைக் கேபிள் வழியாக நிரப்புவதுதான். ராஸ்பெரி பை, டிம் போர்டின் 10703 என்ற நெட்வொர்க் வாசல் எண்ணில் (போர்ட்) இணைகிறது. கேமைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. முடிந்ததும் ஃபைலின் நீளத்தையும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆகச் சொல்கிறது. அப்புறம் டிம் போர்டு தன் மெமரியில் இருப்பதைத் தானே ஒருமுறை முழுக்கப் படித்து, கணக்கிட்டு, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால்தான் கேம் திறக்கும்.

ஆகவே இரண்டு சதவீதங்கள் இருக்கின்றன, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ராஸ்பெரி பையில் தெரியும் 100 என்பதற்கு 'அனுப்பி முடித்தேன்' என்று மட்டுமே அர்த்தம். கேபினெட் திரையில் அதற்குப் பிறகு ஓடும் எண்தான் 'வந்ததைச் சரிபார்க்கிறேன்' என்பது. உங்களுக்கு இருண்டது எந்த 100-க்குப் பிறகு? கேள்வியில் அது இல்லை. அடுத்த முறை ஃபோனில் கேபினெட் திரையை வீடியோ எடுங்கள். ஒரு நொடி மட்டும் மின்னி மறையும் எழுத்துகூட அதில் நின்று கிடைக்கும்.

லேப்டாப் விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிம் போர்டுக்கு வழக்கமாக 192.168.1.2 என்ற ஐபி முகவரிதான் வைப்பார்கள். வீட்டு வைஃபை ரௌட்டர்களில் பலவும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுக்கும். லேப்டாப் வைஃபையிலும் இருந்து, கேபிளிலும் இருந்தால், அந்த முகவரிக்குப் போக எந்த வழி என்று அதற்குத் தெரியாது. சில நேரம் கேபிள் வழியாக அனுப்பும், சில நேரம் வைஃபை வழியாக. பாதி நேரம் கிடைக்கிறது, பாதி நேரம் இல்லை என்று நீங்கள் சொல்வது இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. வைஃபையை அணைத்துவிட்டு, கேபிள் போர்ட்டுக்கு 192.168.1.1, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் போடுங்கள்.

கேபினெட்டின் சர்வீஸ் மெனுவில் டிம் போர்டு பக்கத்துக்குப் போனால் நெட்வொர்க் செட்டிங் இருக்கும். அதில் டிஹெச்சிபி (முகவரியைத் தானாக வாங்கிக்கொள்வது) வேண்டாம் என்று வைத்து, 192.168.1.2 கொடுங்கள். கேட்வே (வெளியே போகும் வழி) என்ற இடத்தில் அனுப்பும் கணினியின் முகவரியையே போடுங்கள். அங்கே இல்லாத ஒரு முகவரி கிடந்தால் 'கேட்வே கிடைக்கவில்லை' என்று கேபினெட் பிழை காட்டும். அதைப் பார்த்துக் கேபிளைச் சந்தேகப்பட்டுக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேபிளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய கணினிகள் நேர் கேபிளா, கிராஸ்ஓவரா (உள்ளே கம்பிகளை மாற்றிப் போட்டது) என்று தாமாகவே கண்டுகொள்ளும். இந்த போர்டுகள் அதை எதிர்பார்க்காத காலத்தவை. கணினியும் பழையது என்றால் நேர் கேபிளில் விளக்கே எரியாது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காமல், நடுவில் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சை வைத்து இரண்டு பக்கமும் சாதாரணக் கேபிள் போட்டுவிடுங்கள். நேரடியாக இணைத்தால் கேபினெட் ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் கணினிக்கு 'கேபிள் பிடுங்கப்பட்டது' என்று தோன்றும். சில கணினிகள் உடனே தங்கள் முகவரியையே விட்டுவிடும். ஸ்விட்ச் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. விளக்கு எரிந்து, பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் பதிலும் வந்தால் இந்தக் கட்டம் முடிந்தது. இனி கேபிளைத் தொடாதீர்கள்.

அடுத்து, ஏறி முடிந்ததும் மறுபடி தொடங்குவது. உங்கள் பிரச்சினையின் மையம் இதுதான். இதில் நான் முதலில் சந்தேகப்படுவது பவர் சப்ளையை.

நவோமி 2-க்கு 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் மூன்றும் வேண்டும். பதிவிறக்கம் நடக்கும் நேரத்தில் மெயின் போர்டுக்குப் பெரிய வேலை இல்லை. ரீஸ்டார்ட் ஆகி, பிராசசர்களும் கிராஃபிக்ஸ் சிப்புகளும் ஒரே நேரத்தில் விழித்து மின்சாரத்தை இழுக்கும்போதுதான் சுமை ஏறும். வயதான பவர் சப்ளை அந்த இடத்தில்தான் மூச்சு வாங்கும். நான் பார்த்த ஒரு கேபினெட் அச்சு அசலாக உங்களுடையதைப் போலவே நடந்துகொண்டது. பவர் சப்ளை முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 5.02 வோல்ட். எல்லாம் சரி என்று மூடிவைத்து, இரண்டு நாள் ஃபைல்களை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தோம். மூன்றாம் நாள்தான் போர்டுக்குள் நுழையும் கனெக்டரில் அளந்தோம். 4.71 வோல்ட். நடுவில் இருந்த ஒரு கனெக்டரின் பின்கள் கறுத்து, பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அந்தப் பின்களை மாற்றியதும் கேம் முதல் முயற்சியிலேயே திறந்தது.

ஆகவே அளவை போர்டின் வாயிலில் எடுங்கள், அதுவும் கேம் ஏறி ரீஸ்டார்ட் ஆகும் தருணத்தில் எடுங்கள். 5 வோல்ட் கம்பியில் 4.75-க்குக் கீழே, 3.3 வோல்ட் கம்பியில் 3.15-க்குக் கீழே இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. முதலில் கனெக்டர்களைப் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் மட்டும் பவர் சப்ளையில் இருக்கும் சின்னத் திருகை மிக மெதுவாக, மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். 5 வோல்ட் 5.1-ஐத் தாண்ட வேண்டாம். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கேபினெட்டில் பழைய குழாய் மானிட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்தில் இதைவிடப் பல மடங்கு அபாயம் இருக்கிறது. பழக்கம் இல்லாதவர் அங்கே கையை நீட்டவே கூடாது.

மின்சாரம் சரியாக இருந்தும் திரும்பத் தொடங்கினால் மெமரியைப் பாருங்கள். சரிபார்க்கும் சதவீதம் கேபினெட் திரையில் ஓடி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தடுக்கினால் மெமரி ஸ்டிக் அல்லது அதன் ஸ்லாட்தான் காரணம். பவரை அணைத்து, டிம் போர்டின் மூடியைத் திறந்து, ஸ்டிக்குகளைக் கழற்றி, தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். திறந்த கையோடு உள்ளே இருக்கும் பேட்டரி கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பவர் நின்ற பிறகும் மெமரியைக் காப்பாற்றிவைக்க வைத்த பேட்டரி அது, இப்போது இருபது வருடத்துக்கு மேல் வயது ஆகியிருக்கும். டிம் போர்டு மெயின் போர்டின் மேல் உட்காரும் நீளமான கனெக்டரும் இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருக்க வேண்டும். ஒரு மூலை கொஞ்சம் தூக்கியிருந்தாலே போதும், இப்படித்தான் நடக்கும்.

ஆனால் திரும்பத் தொடங்காமல், 'இந்த கேமை இந்த மெயின் போர்டு ஏற்காது' என்ற மாதிரி ஒரு செய்தி நின்றால் அதற்கு மெமரி காரணமில்லை. வேறு நாட்டுக்கான கேமாக இருக்கலாம். ஜப்பான் பதிப்பும் ஏற்றுமதிப் பதிப்பும் தனித்தனி, மெயின் போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸும் அதே நாட்டுக்கானதாக இருக்க வேண்டும். நவோமி கேமை நவோமி 2 ஏற்கும், நவோமி 2 கேமை முதல் நவோமி ஏற்காது. உங்கள் போர்டு நிஜமாகவே நவோமி 2-தானா என்று ஸ்டிக்கரைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு, டிம் போர்டுத் தகவல் பக்கத்தில் மெமரி எத்தனை எம்பி என்று காட்டும். ஃபைலின் அளவு அதற்குள் அடங்க வேண்டும்.

மூன்றாவதாக, ஆடும்போதே ரீசெட் ஆனது. அந்த நேரத்தில் ராஸ்பெரி பையை அணைத்தீர்களா, அல்லது கேபிளைக் கழற்றினீர்களா? ஜிடி-ராம் கேம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்யூரிட்டி சிப் உண்டு, டிம் போர்டில் சொருகப்படும். நெட்வொர்க்கில் ஏற்றுபவர்கள் அதற்குப் பதிலாக ஜீரோ கீ சிப் என்பதைப் போடுவார்கள். அது இல்லாமலும் ஓட்ட முடியும், ஆனால் போர்டு ஒரு கால வரம்பை எண்ணத் தொடங்கிவிடும், வரம்பு முடிந்ததும் ரீசெட் செய்யும். ஏற்றும் நிரல் சில நொடிகளுக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கேம் தொடரும். 'ஏறிவிட்டதே' என்று நிரலை மூடினாலோ, கணினி தூங்கப்போனாலோ அத்தோடு சரி. உங்களிடம் ஜீரோ கீ சிப் இல்லையென்றால் நிரலில் அந்த டைம் லிமிட் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள், ராஸ்பெரி பை கடைசிவரை இணைந்தே இருக்கட்டும். சிப் இருந்தும் ரீசெட் ஆனால் மேலே சொன்ன பவர் சப்ளைக்குத் திரும்புங்கள். வளைவில் ஸ்டியரிங் மோட்டார் வேகமாக இழுக்கும் நேரத்தில் ரீசெட் ஆகிறதா என்றும் கவனியுங்கள்.

நான்காவது எளிது, கேட்டால் உங்களுக்கே நிம்மதியாக இருக்கும். கேம் திறந்த பிறகு நெட்வொர்க்கைச் சரிபார்ப்பதாக நின்றதே, அந்த நெட்வொர்க் வேறு. இரட்டை கேபினெட்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் லிங்க் அது. உங்களுடையது தன் ஜோடியைத் தேடிக்கொண்டு நிற்கிறது, ஜோடி எங்கோ போய்விட்டது. கேமின் டெஸ்ட் மெனுவில் லிங்க் அமைப்பைத் தனி கேபினெட் என்று மாற்றுங்கள். கேம் அந்த இடத்தை எட்டியது என்றால் ஏற்றம் முழுவதும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கார்டு ரீடர் பற்றியோ ஐஓ போர்டு (ஸ்டியரிங், பட்டன்களை இணைக்கும் போர்டு) பற்றியோ பிழை வந்தால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்வோம், நெட்வொர்க்கை மறுபடி கிளற வேண்டாம்.

ஐஓ போர்டு என்றதும் ஒரு எச்சரிக்கை. மெயின் போர்டிலிருந்து ஐஓ போர்டுக்குப் போகும் கேபிளின் முனை பார்க்க யுஎஸ்பி மாதிரியே இருக்கும். அது ஜேவிஎஸ் என்ற ஆர்கேட் இணைப்பு, வடிவம் மட்டும்தான் யுஎஸ்பி, உள்ளே ஓடும் சிக்னல் முற்றிலும் வேறு. ராஸ்பெரி பை கேபினெட்டுக்குள்ளேயே இருந்தால், பின்பக்க இருட்டில் கை தடவி ஒன்றை இன்னொன்றில் சொருகிவிடுவது மிக எளிது. அந்தக் கேபிளில் இன்றே சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

இந்த வாரம் இந்த வரிசையில் போங்கள்: நடுவில் ஸ்விட்ச், வைஃபை இல்லாமல் பிங், பிறகு போர்டின் வாயிலில் இரண்டு வோல்டேஜ்கள். கேபினெட் பவர் போட்டு இரண்டு மூன்று நிமிடம் ஆன பிறகு ஒரே ஃபைலை ஐந்து தடவை ஏற்றுங்கள், நடுவில் எதையும் மாற்றாமல். ஒவ்வொரு தடவையும் எங்கே நின்றது, அப்போது 5 வோல்ட் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். ஐந்தும் ஒரே இடத்தில் நின்றால் ஃபைல், சிப், நாட்டுப் பதிப்பு பக்கம் போங்கள். ஐந்தும் ஐந்து இடத்தில் நின்றால் மீட்டரையும் மெமரி ஸ்டிக்கையும் விட்டு நகராதீர்கள்.