தினமும் ரோலர், உடனே மினாக்ஸிடில்: எரிச்சல் அதனால்தான்

முடி வளரணும்னு, 1.5 மி.மீ. நீள ஊசிகள் உள்ள டெர்மாரோலர் உருளையைத் தினமும் தலையில் உருட்டி, கையோடு முடி வளர்ச்சி மருந்தான மினாக்ஸிடிலும் தடவுறீங்க. உச்சியில் எரிச்சல், பொருக்கு என்கிறீங்க. புண் முழுசா ஆறும்வரை இரண்டையும் நிறுத்துங்க. சீழ் இருந்தா தோல் டாக்டரிடம் உடனே காட்டுங்க.

இந்த ஊசி நீளத்துக்கு வாரம் ஒருமுறையே போதும். 2013-ல் வெளியான மும்பை ஆய்விலும் அப்படித்தான். மினாக்ஸிடிலை 24 மணி நேரம் கழித்தே தடவினாங்க. துளை ஆறுவதற்குள் தடவினா மருந்து கூடுதலா ரத்தத்தில் இறங்கும், படபடப்பு வரலாம். எரிச்சலுக்கு, மினாக்ஸிடில் திரவத்தில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் ப்ரொப்பிலீன் கிளைக்காலும் காரணமா இருக்கலாம்.

கிருமி போக, ரோலரை 70% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைங்க. தலையில் வைத்தபடியே திருப்பாதீங்க, தோல் கிழியும். தூக்கித்தான் திசை மாத்தணும். ஊசியைப் பஞ்சில் லேசா இழுத்துப் பாருங்க. நார் மாட்டினா முனை வளைஞ்சிருக்கு, தூக்கிப் போட்டிடுங்க.