பழுதான சட்டகத்தை ஈதர்நெட் ஏன் திரும்பக் கேட்பதில்லை?

கேள்வி: நேரடியாக இணைந்த கருவிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் தரவு இணைப்பு அடுக்கு பிழைகளைக் கண்டறிந்து, பழுதான சட்டகத்தை (frame, தரவை ஏந்திச் செல்லும் பிட் தொகுதி) மீண்டும் அனுப்பச் செய்யும் என்று பாடநூலில் படித்தேன். ஆனால் கம்பிவழிப் பிணைய நெறிமுறையான ஈதர்நெட் அத்தகைய சட்டகத்தைச் சத்தமின்றித் தள்ளிவிடும் என்கிறார் எங்கள் ஆசிரியர். எது சரி?

பதில்: இரண்டும் சரியே. அந்த அடுக்கில் செய்யக்கூடியவை அனைத்தையும் பாடநூல் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நெறிமுறை நடைமுறையில் செய்வதை உங்கள் ஆசிரியர் சொல்கிறார்.

ஈதர்நெட் சட்டகத்தில் பெறுநர், அனுப்புநர் ஆகியோரின் மேக் முகவரிகள் (பிணைய அட்டைகளின் அடையாள எண்கள்) 6 பைட் வீதமும், உள்ளடக்கத்தின் வகையைக் கூறும் 2 பைட்டும், 46 முதல் 1500 பைட் வரையிலான தரவும், இறுதியில் 4 பைட் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சொன்னால், அனுப்பும் பிணைய அட்டை முகவரி தொடங்கித் தரவு முடியவுள்ள பிட்களை ஒரே நீண்ட இரும எண்ணாகக் கொண்டு, எல்லா அட்டைகளுக்கும் பொதுவான ஒரு வகு எண்ணால் வகுத்து, கிடைக்கும் மீதியை அந்த 4 பைட்டில் எழுதுகிறது. பெறும் அட்டையும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துவராவிட்டால் சட்டகத்தைக் கைவிடுகிறதே தவிர, அனுப்பியவருக்கு ஒரு சொல்லும் தெரிவிப்பதில்லை.

இதை அலட்சியம் என்று கொள்ள வேண்டியதில்லை. கம்பியில் பிட் பழுதாவது மிக அரிது. மேலும், ஒவ்வோர் இணைப்பும் பழுதின்றி இயங்கினாலும், இடையிலுள்ள திசைவியின் (router) நினைவகம் நிரம்பிவிட்டால் சட்டகம் சுமந்துவந்த பாக்கெட் அங்கேயே தொலைந்துபோகும். ஆகவே முனைக்கு முனை சரிபார்த்து, தொலைந்ததை மீண்டும் அனுப்பும் வேலையை, இரு முனைக் கணினிகளிலும் இயங்கும் டிசிபி (TCP) நெறிமுறை எப்படியும் செய்தே ஆக வேண்டும். அதே வேலையைக் கம்பியிலும் ஒருமுறை செய்வது வீண்.

வைஃபையின் நிலை வேறு. காற்றில் குறுக்கீடு மிகுதி. தான் அனுப்பிக்கொண்டிருக்கையில் தன் சமிக்ஞையின் உரப்பில் மற்றவருடையது அமுங்கிவிடுவதால், மோதல் நிகழ்ந்ததைக் கருவியால் அறியவும் முடியாது. எனவே, ஒரு குறிப்பிட்ட கருவிக்கென அனுப்பப்படும் சட்டகம் சரியாக வந்து சேர்ந்ததும் அக்கருவி சில மைக்ரோ நொடிகளில் ஒப்புகை அனுப்புகிறது. அது வராவிட்டால் அனுப்பியவர் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புகிறார். இதையும் டிசிபியிடமே விட்டிருந்தால், அது ஒவ்வோர் இழப்பையும் நெரிசல் என்று தவறாக எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கும்.

கேள்வி: ஹெச்டிஎல்சி (HDLC) என்ற மற்றொரு தரவு இணைப்பு அடுக்கு நெறிமுறையில் சட்டகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் 01111110 என்ற வரிசை குறிக்கிறது. தரவுக்குள்ளேயே அதே வரிசை வந்தால் என்ன ஆகும்?

பதில்: வராது, வரவிடாமல் அனுப்புநர் பார்த்துக்கொள்வார். தரவில் தொடர்ந்து ஐந்து 1 வந்தவுடனே அவர் ஒரு 0 சேர்த்துவிடுவதால், 01111110 என்ற தரவு கம்பியில் 011111010 என்றே செல்லும். பெறுநர் ஐந்து 1-க்குப் பின் 0 வந்தால் அதை நீக்கிவிடுவார். ஆறாவதும் 1 ஆக இருந்து அடுத்து 0 வந்தால் அது எல்லைக் குறி என்று கொள்வார்.

தேர்வில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஐந்து 1-க்குப் பிறகு தரவிலேயே 0 இருந்தாலும் கூடுதல் 0 சேர்த்தாக வேண்டும். 0111110 என்பது 01111100 ஆகிவிடும். சேர்க்காமல் விட்டால், பெறுநர் தரவின் சொந்த 0-வையே அனுப்புநர் செருகியது என்று எண்ணி எடுத்துவிடுவார்.