விங்கரும் ஃபுல்பேக்கும் ஓரத்தில் முட்டிக்கொண்டால்

கேள்வி: எங்கள் கால்பந்து அணி 4-3-3 (நான்கு டிஃபெண்டர், மூன்று மிட்ஃபீல்டர், மூன்று முன்கள ஆட்டக்காரர்) ஆடுகிறது. ஃபுல்பேக்குகளை, அதாவது ஓரத்து டிஃபெண்டர்களை, ஏறி ஆடச் சொன்னதிலிருந்து, அவர்களும் விங்கர்களும் (ஓரத்து முன்கள ஆட்டக்காரர்கள்) ஓரத்தில் நெருக்கியடித்து, பந்து அங்கேயே சிக்கிவிடுகிறது. பக்கக்கோட்டை ஒட்டி யார் நிற்க வேண்டும்?

பதில்: யார் வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். 68 மீட்டர் அகல மைதானத்தில், பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து பக்கக்கோடு வரை சுமார் 14 மீட்டர்தான் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஆட்கள் இருவர் நின்றால் எதிரணிக்கு வேலை சுலபம். ஒரே டிஃபெண்டர் இருவரையும் பார்த்துக்கொள்வார்.

யார் என்பதை விங்கரின் காலை வைத்து முடிவு செய்யுங்கள். வலப்பக்கம் ஆடும் இடங்கால் விங்கர் எப்படியும் உள்ளே வெட்டத்தான் பார்ப்பார். அவர் உள்ளே போகட்டும், ஓரம் ஃபுல்பேக்குக்கு. பார்சிலோனாவில் மெஸ்ஸி உள்ளே வர, டானி ஆல்வெஸ் வெளியே ஓடியது இப்படித்தான். விங்கர் கோட்டை ஒட்டி நின்று கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் பந்து) போடுபவர் என்றால், ஃபுல்பேக் அவருக்கு உட்புறமாக ஓடட்டும், அல்லது பின்னால் நின்று பாஸுக்கு வழி கொடுக்கட்டும்.

அடுத்தது நேரம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபுல்பேக் முன்கூட்டியே ஏறி நின்றுவிட்டால் அவரையும் ஒருவர் பிடித்துக்கொள்வார். விங்கர் பந்தோடு திரும்பி, டிஃபெண்டரின் கவனம் அவர்மேல் போன பிறகுதான் ஓட்டம் தொடங்க வேண்டும். 1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசில் போட்ட கடைசி கோலைப் பாருங்கள். இத்தாலியின் இடது டிஃபெண்டர் ஃபக்கெட்டி, பிரேசில் விங்கர் ஜெய்ர்சின்யோவைத் துரத்தி தன் இடத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டார். அப்படிக் காலியான, பிரேசிலின் வலது ஓரத்தில், பின்னாலிருந்து முழு வேகத்தில் வந்தார் ஃபுல்பேக் கார்லோஸ் ஆல்பர்ட்டோ. பெலே தள்ளிவிட்ட பந்து அவர் காலுக்கு நேராக வந்து சேர்ந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத கோல் அது!

அப்புறம், ஒரு ஃபுல்பேக் ஏறினால் மற்றவர் சென்டர் பேக்குகளோடு (நடு டிஃபெண்டர்கள்) சேர்ந்து பின்னால் இருக்கட்டும். இருவரும் ஏற வேண்டுமென்றால் ஒரு மிட்ஃபீல்டர் அங்கே இறங்கியே ஆக வேண்டும். பந்து இல்லாத பக்கத்து விங்கர், கிராஸ் வரும்வரை அகலத்தை விடக்கூடாது. வரும் நேரத்தில் கோலின் தூரக் கம்பத்துக்கு ஓடட்டும்.

பயிற்சியில் அந்த 14 மீட்டர் பட்டையைக் கூம்பு வைத்துப் பிரித்து ஆடவிடுங்கள். எதிரணிப் பாதியில், பட்டைக்குள் உங்கள் அணியின் இருவர் ஒரே நேரத்தில் நின்றால் பந்து எதிரணிக்கு. ஓடிக் கடப்பவருக்கு மட்டும் விலக்கு.