அண்ணாச்சியிடம் கேளுங்கள்: விஆர் ஹெட்செட்டை மாற்றலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்குப் புளியரை, வேலை புனலூரில். சில வருஷமாக மெட்டாவின் குவெஸ்ட் 2, அதாவது கண்ணில் மாட்டிப் பார்க்கிற விஆர் ஹெட்செட், வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரோடு இணைத்து மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஓட்டுவேன், வேறு விளையாட்டு எதுவும் கிடையாது. திருவனந்தபுரத்தில் கிளம்பி, மலையைத் தாண்டி, மதுரையில் இறங்குவது வழக்கம். டயலில் இருக்கும் எண்களைப் படிக்க ஒவ்வொரு தடவையும் முன்னால் குனிய வேண்டியிருக்கிறது. தூரத்து மலையெல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. மச்சான் அடுத்த மாதம் ஷார்ஜாவிலிருந்து லீவில் வருகிறார். பைமாக்ஸ் கிரிஸ்டல் லைட் வாங்கி வரச் சொல்லலாமா, இல்லை குவெஸ்ட் 3 போதுமா? கம்ப்யூட்டரில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. நான் கண்ணாடி போடுகிறவன்.
– புளியரை வாசகர்

பதில்: தம்பி, மச்சான் வர ஒரு மாதம் இருப்பது நல்லதாகப் போயிற்று. எதையும் வாங்காமலே செய்து பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தென்காசியில் கேமரா லென்ஸ் சர்வீஸ் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: படம் மங்கல் என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு அவர்கள் நினைக்கிற இடத்தில் இருப்பதில்லை. ஹெட்செட்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் உங்கள் டயலையே எடுத்துக்கொள்வோம். செஸ்னாவில் உயரம் காட்டுகிற ஆல்டிமீட்டர் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் அகலம். அதில் இருக்கும் எண்கள் அரை சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானி இருக்கையிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அந்த எண் உங்கள் பார்வையில் 0.4 டிகிரி இடத்தைத்தான் பிடிக்கும். குவெஸ்ட் 2 ஒரு டிகிரிக்குச் சுமார் 20 பிக்சல், அதாவது படப் புள்ளி, காட்டுகிறது. அப்படியென்றால் அந்த எண்ணுக்குக் கிடைப்பது 8 பிக்சல் உயரம். 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. நீங்கள் குனிந்து தூரத்தைப் பாதியாக்கினால் 8 என்பது 16 ஆகிவிடுகிறது, அதனால்தான் அப்போது படிக்க முடிகிறது. இதே எண் குவெஸ்ட் 3-இல் 10 பிக்சல், கிரிஸ்டல் லைட்டில் 14 பிக்சல். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு டிகிரிக்கு 60 வரை பிரித்துப் பார்க்கும் சக்தி உண்டு. அந்தக் கணக்கில் 24 வர வேண்டும். ஆக, கிரிஸ்டல் லைட்டிலும் விமானத்தில் உட்கார்ந்து நேரில் பார்ப்பதுபோல் இருக்காது. ஆனால் குனியாமல் படிக்கலாம். உங்கள் ஆசை நியாயமானதுதான்.

சிக்கல் என்னவென்றால், உங்களிடம் இருக்கும் குவெஸ்ட் 2 தரக்கூடிய அந்த 8 பிக்சலே இப்போது உங்களுக்கு முழுதாக வந்து சேர்கிறதா என்பது சந்தேகம். லென்ஸ் படத்தை வளைக்கும். அந்த வளைவைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கமாக வளைத்து வரைந்து அனுப்புகிறது. இதனால் நடுப்பகுதி கூர்மையாக வர வேண்டுமானால், பேனலில், அதாவது உள்ளே இருக்கும் திரையில், இருப்பதைவிட அதிகமான பிக்சல்களை அது வரைந்தாக வேண்டும். ஆனால் மெட்டாவின் கம்ப்யூட்டர் மென்பொருள் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டைப் பார்த்துவிட்டு, இதற்கு இவ்வளவு போதும் என்று தானாகவே அளவைக் குறைத்து வைத்துவிடும். ஹெட்செட்டைக் காட்டுகிற பக்கத்தில் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் போனால் ரெண்டர் ரெசல்யூஷன் என்று ஒரு நகர்த்துக் கோடு இருக்கும். புதுப்பிப்பு வேகத்தை 72 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 72 படம்) வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் படம் திக்க ஆரம்பிக்கிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

அப்புறம் சிமுலேட்டருக்குள் டிஎல்எஸ்எஸ் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற முறை. மரம், மேகத்துக்கெல்லாம் பரவாயில்லை, டயல் எண்களைத்தான் இழுத்து அப்பிவிடும். அதே அமைப்பில் இருக்கும் டிஏஏ என்ற இன்னொரு முறைக்கு மாற்றி ஒருமுறை பறந்து பாருங்கள்.

இனி உங்கள் கண். குவெஸ்ட் 2-இல் இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள தூரத்தை 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே இடத்தில்தான் நிறுத்த முடியும். உங்கள் கருவிழிகளுக்கு இடையிலான தூரம் 65 அல்லது 66 என்றால் நீங்கள் எந்த நிறுத்தத்திலும் சரியாக உட்கார மாட்டீர்கள். குவெஸ்ட் 2-இல் இருப்பது பழைய ஃப்ரெனல் லென்ஸ் (வட்ட வட்டமாக வரி போட்ட தட்டை லென்ஸ்), அதில் நடுப்பகுதி மட்டுமே கூர்மை. கொஞ்சம் விலகினாலும் மங்கிவிடும். புனலூரிலோ செங்கோட்டையிலோ கண்ணாடி செய்த கடையில் "பிடி எவ்வளவு?" என்று, அதாவது இந்தக் கருவிழி இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். அந்த எண் தெரியாமல் எந்த ஹெட்செட்டும் வாங்க வேண்டாம்.

திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, தூரப்பார்வைக் கண்ணாடி எதற்கு என்று சிலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. உள்ளே இருக்கும் லென்ஸ் அந்தத் திரையை ஒன்று, இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோலத்தான் கண்ணுக்குக் கொடுக்கிறது. தூரத்துக்குக் கண்ணாடி போடுகிறவர் உள்ளேயும் போட வேண்டும். உங்கள் பவரிலேயே செய்து ஹெட்செட் லென்ஸ் மேல் மாட்டுகிற வில்லைகள் கிடைக்கின்றன. கண்ணாடி உரசி ஹெட்செட் லென்ஸில் கீறல் விழுவதையும் அவை தடுக்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் லென்ஸை யாராலும் சரிசெய்ய முடியாது, என்னாலும் முடியாது.

இதையெல்லாம் செய்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால், கிரிஸ்டல் லைட் உங்களுக்கு வேண்டாம். குவெஸ்ட் 2 ஒரு கண்ணுக்கு 1832×1920, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம் பிக்சல். கிரிஸ்டல் லைட் ஒரு கண்ணுக்கு 2880×2880, இரண்டுக்கும் ஒரு கோடியே 65 லட்சத்துக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டேகால் மடங்கு வேலை. 90 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒவ்வொரு படத்தையும் 11 மில்லிசெகண்டில் வரைந்து முடிக்க வேண்டும். ஃப்ளைட் சிமுலேட்டர் சாதாரண மானிட்டரிலேயே கார்டைப் பிழிந்து எடுக்கிற மென்பொருள். 3060 இதைத் தாங்காது. அளவைக் குறைத்து ஓட்டுவீர்கள், குறைத்ததும் படம் மங்கும், கொடுத்த பணம் வீண். போதாததற்கு அது தனியாக இயங்காது, கம்ப்யூட்டர் இருந்தால்தான் உயிர். கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் மாற்றும் எண்ணம் இருந்தால் அப்போது கிரிஸ்டல் லைட்டைப் பற்றிப் பேசலாம். மானிட்டரை இணைப்பதுபோல கிராஃபிக்ஸ் கார்டின் டிஸ்ப்ளே போர்ட் வழியாக நேராகப் படம் வாங்குவதால் அதில் சுருக்கி அனுப்புகிற நஷ்டம் கிடையாது. குவெஸ்டில் கேபிளாக இருந்தாலும் வைஃபையாக இருந்தாலும் படம் சுருங்கித்தான் வருகிறது.

குவெஸ்ட் 3? வாங்கலாம். ஒரு கண்ணுக்கு 2064×2208. பிக்சல் கணக்கில் பெரிய தாவல் இல்லை, 8 என்பது 10 ஆவதை மேலேயே பார்த்தோம். நான் வாங்கலாம் என்று சொல்வது லென்ஸுக்காக. அதில் இருக்கும் பான்கேக் என்ற புதுவகை லென்ஸில் ஓரம்வரை கூர்மை வருகிறது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி டயலைப் படிக்கலாம். கண் இடைவெளியையும் சக்கரத்தைச் சுழற்றி மில்லிமீட்டர் கணக்கில் சரியாக வைக்கலாம். உங்கள் கஷ்டத்தில் பெரும்பகுதி அங்கேயே தீரும். தூரத்து மலை மட்டும் முழுதாகத் தெளியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மச்சானிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். 2024-இல் குவெஸ்ட் 3எஸ் என்று ஒன்று வந்தது. பெயரும் விலையும் பார்த்து அதை எடுத்துவிடக் கூடாது. உள்ளே சிப் புதிது, ஆனால் 1832×1920 பேனல், ஃப்ரெனல் லென்ஸ், கண் இடைவெளிக்கு அதே மூன்று நிறுத்தம். தெளிவைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பதேதான் திரும்பி வரும். வாட்ஸ்அப்பில் பெட்டியின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்பதையும் பில்லோடு எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஷார்ஜா வாரண்டியை வைத்துக்கொண்டு புளியரையில் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய ஹெச்பி ரிவெர்ப் ஜி2 ஹெட்செட்டை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் அவசரப்படாதீர்கள். 2160×2160, விமானம் ஓட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் விரும்பி வாங்கியது. ஆனால் அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் கைவிடுவதாக அறிவித்து, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்தேவிட்டது. பேனல் நன்றாக இருந்தும் மென்பொருள் இல்லாமல் போன கதை அது. எனக்கு இன்னும் வருத்தம்.

கேள்வி: அண்ணாச்சி, ஆரியங்காவு பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். நடக்க முடியாத பெரியவர்களுக்காக, பக்கத்து அருவியையும் ரப்பர் தோட்டத்தையும் 5.7கே 360 டிகிரி கேமராவில் எடுத்து குவெஸ்ட் 2-இல் காட்டுகிறோம். "படம் தெளிவா இல்லையே" என்கிறார்கள். இன்னும் நல்ல ஹெட்செட் வாங்கவா?
– ஆரியங்காவு வாசகி

பதில்: வேண்டாம். ஹெட்செட்டை விட்டுவிட்டு வீடியோவைக் கவனியுங்கள். 5.7கே என்பது 5760 பிக்சல் அகலம். அதைச் சுற்றிலும் 360 டிகிரிக்குப் பரப்பினால் ஒரு டிகிரிக்கு 16 பிக்சல்தான் வருகிறது. உங்கள் குவெஸ்ட் 2 20 காட்டும். படத்திலேயே இல்லாத தெளிவை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹெட்செட்டும் உண்டாக்கித் தராது. 8கே கேமராவில் எடுத்தால் 7680-ஐ 360-ஆல் வகுத்து 21 வரும், அப்போதுதான் இருக்கிற ஹெட்செட்டின் முழுப் பலனும் கிடைக்கும். கேமராவை வாடகைக்கு எடுத்து ஒரே காலையில் எல்லாவற்றையும் படம் பிடித்துவிடலாம்.

இணையத்தில் ஏற்றி அங்கிருந்து ஓட்டுகிறீர்களா? அப்படியானால் அதை முதலில் நிறுத்துங்கள். மலைப்பக்கம் சிக்னல் தள்ளாடும்போது படத்தின் தரம் தானாக இறங்கிவிடும். கோப்பை ஹெட்செட்டுக்குள் ஏற்றி அங்கிருந்தே ஓட்டுங்கள். கேமராவை உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், நடந்துகொண்டே எடுக்காதீர்கள். பெரியவர்களுக்குத் தலை சுற்றும்.

உங்கள் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழையும் சாரலும் இரு பக்கமும் இறங்குகிற மாதங்களில் என் மேஜைக்கு வருகிற லென்ஸ்களில் பூஞ்சை பிடித்தவை அதிகம். சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை, ஓரத்திலிருந்து நடுவுக்குப் படரும். தொடக்கத்தில் துடைத்தால் போகும், விட்டுவிட்டால் லென்ஸின் பூச்சையே தின்றுவிடும். ஒருவர் போட்டுக் கழற்றியதும் வேர்வையோடு பெட்டியில் வைத்து மூடாதீர்கள். நுண்இழைத் துணியால் உலர்வாகத் துடைத்து, முகத்தில் படும் பஞ்சு காய்ந்த பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் புதிது போடுங்கள்.

வெயிலும் ஆகாது. ஜீப்பின் டேஷ்போர்டில் லென்ஸ் மேலே பார்க்க வைத்த ஒரு ஹெட்செட் போன கோடையில் என்னிடம் வந்தது. வெயில் லென்ஸ் வழியே குவிந்து பேனலில் ஒரு மஞ்சள் கோட்டைப் பொசுக்கியிருந்தது. ஆன் செய்தால் எந்தக் காட்சியிலும் அந்தக் கோடு நடுவானத்தில் நிற்கிறது. பேனலை மாற்றுவது தவிர வேறு வழியில்லை, மாற்றப் பேனல் கிடைக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகளுக்கு 9 வயது. அவள் அப்பாவின் ஹெட்செட்டைக் கேட்டு அடம். ரெசல்யூஷன் அதிகமான புது ஹெட்செட் என்றால் பிள்ளையின் கண்ணுக்கு நல்லது என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
– கொட்டாரக்கரை வாசகி

பதில்: இல்லை தங்கச்சி. பிக்சல் கூடினால் எழுத்து தெளியும், கண்ணின் வேலை அதனால் குறையாது. உள்ளே ஒரு பொருள் மூக்குக்கு முன்னால் வருவதுபோல் தெரியும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் கண்ணின் லென்ஸோ அதே ஒன்று, இரண்டு மீட்டர் தூரத்துக்குத்தான் குவிந்திருக்க வேண்டும். இந்த முரண்தான் களைப்புக்கும் தலைவலிக்கும் ஒரு முக்கியக் காரணம். நீங்கள் சொல்லும் புது ஹெட்செட்டுகளிலும் அது அப்படியே இருக்கிறது. போதாததற்குப் பிள்ளைகளுக்குக் கண் இடைவெளி குறைவு, பெரியவர்களுக்குச் செய்த லென்ஸ் அவர்களுக்கு நடுவில் நிற்காது. மெட்டா நிறுவனமே 2023-இல் வயது வரம்பை 13-லிருந்து 10 ஆக இறக்கியபோதுகூட, பெற்றோர் நடத்தும் கணக்கு வேண்டும் என்றுதான் விதி வைத்தது. சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2-க்கு 12. உங்கள் மகள் இரண்டு வரம்புக்கும் கீழே இருக்கிறாள். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு எதையும் வாங்காதீர்கள். 10 முடிந்த பிறகும் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.