அறிக்கை எழுதியே பொழுது போகிறது

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலை அருகே மாலைநேரப் படிப்பகம் நடத்தும் சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். 3 பேர், 60 பிள்ளைகள். ரசீது, விண்ணப்பம், அறிக்கை என்று பகல் முழுக்கப் போய்விடுகிறது. சாட்ஜிபிடியிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்றேன். செயலாளர் அது ஏமாற்று வேலை என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் எனக் கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

படிப்பகம் ஒன்றுதான். ஆனால் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) தரும் கம்பெனி ஒரு மாதிரி கேட்கும், வெளியூர் நன்கொடையாளர் வேறு மாதிரி கேட்பார், அதுவும் ஆங்கிலத்தில். நடந்ததை ஒருமுறை தமிழில் ஃபோனில் பேசிப் பதிவுசெய்து, அதை அவரவர் கேட்கும் வடிவில் எழுதித் தரச் சொல்வதில் என்ன ஏமாற்று?

ஏமாற்று வேறு இடத்தில் நுழையும். நண்பர் ஒருவரின் அறக்கட்டளைக்காக இப்படி ஓர் அறிக்கை தயாரித்தோம். "வாரந்தோறும் பெற்றோர் கூட்டம் நடைபெறுகிறது" என்று அழகாக ஒரு வரி வந்திருந்தது. வருஷத்துக்கு இரண்டு கூட்டம் நடந்தாலே அங்கே அதிசயம். நாங்கள் சொல்லாததை அதுவே சேர்த்துவிட்டது. அதனால் எண்ணும் நிகழ்ச்சியும் வரும் ஒவ்வொரு வரியையும் உங்கள் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், 10பிடி படிவம். 2021-22 நிதியாண்டிலிருந்து, 80ஜி சலுகை (நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கழிவு) உள்ள அறக்கட்டளைகள் நன்கொடை விவரங்களை மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பட்டியலில் பான் எண்ணும் முகவரியும் இருப்பதால் அதை அப்படியே ஏஐயிடம் ஒட்டாதீர்கள். பிள்ளைகளின் பெயரும் அப்படித்தான். பான் என்பது ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. அந்த வடிவம் தப்பியிருந்தால் காட்டும் எக்செல் சூத்திரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் கணினியில் போட்டால் வடிவம் மாறிய தட்டச்சுப் பிழைகள் சிக்கிவிடும். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.

நன்றிக் கடிதம் மட்டும் வேண்டாம். வருஷா வருஷம் நோட்டு வாங்கித் தரும் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு "தங்களது மகத்தான பங்களிப்பு" என்று போனால் சிரித்துவிடுவார். நாலு வரி, உங்கள் கையெழுத்தில், ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.